மேல் ஒன்று, கீழ் ஒன்று

ஜனவரி 5, திங்கள்

நிலையத்தில் புது வருட டைரி கொடுத்தார்கள். அட்டையில் ‘கடலியல்’ என்பதைக் ‘கடலியில்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருடம் உழைத்த இடத்தின் லட்சணம் இது. மே மாதம் ஓய்வு பெறுகிறேன். அதுவரை இதில் எழுதுவதாக உத்தேசம். இங்கே பேசுவதற்குத் தகுதியான ஆள் ஒருவரும் இல்லை.

சிதம்பரம் கீழவீதியில் என் வீட்டிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம். முதுகு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் பானு. மெகராஜ் பானு, பரங்கிப்பேட்டைப் பெண், என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்கு வருடமாகச் சேறு அள்ளிக்கொண்டிருப்பவள். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே இடம் குறிக்க நிலையம் ஆறு மிதவைக் கொடிகளை விட்டிருக்கிறது, கரைக்கு இணையாக ஒரே வரிசையில். அவற்றில் மூன்றின் அருகே குழாய் இறக்கிச் சேறு எடுத்து வந்திருந்தாள். முழங்கை நீளச் சேறு, உச்சி முதல் அடிவரை ஒரே பழுப்பு. முகர்ந்து பார்த்தேன். நாற்றமே இல்லை.

கடலடிச் சேற்றில் இரண்டு விரற்கடைக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அதற்கப்புறம் நுண்ணுயிர்கள் கடல்நீரில் கரைந்திருக்கும் கந்தக உப்பைப் பிடித்துக்கொள்ளும், சேறு கறுக்கும், அழுகிய முட்டை நாறும். இதைப் பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

“குழாயத் தலைகீழாப் பிடிச்சியா?”

“இல்ல சார்.”

“வெயில்ல தெறந்து வெச்சியா?”

“இல்ல சார். மூணு தடவை போய் எடுத்துட்டேன். மூணு தடவையும் இப்படித்தான் வருது.”

“அப்ப மூணு தடவையும் தப்பா எடுத்திருக்கே.”

நடைக்கூடத்துக்கு அழைத்துப்போய், கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் என் படத்தின் முன்னால் அவளை நிறுத்தினேன். இரண்டு வருடத்துக்கு முன் வந்த என் கட்டுரையின் மூன்றாம் படம். அதே ஆறு கொடிகள், கொடிக்கு இரண்டாகப் பன்னிரண்டு சேற்றுப் பைகள். நெட்டுக்குத்தாக ஒரு குழாய். மேல்பாதி பழுப்பு, பக்கத்தில் ‘மேல்’ என்று எழுதியிருக்கும். கீழ்ப்பாதி கறுப்பு, பக்கத்தில் ‘கீழ்’. ஆறு இடத்திலும் ஒரு பைகூடப் பிசகவில்லை. அடியில் சிறிய எழுத்தில், ‘மாதிரிகள் ஆசிரியரின் நேரடி மேற்பார்வையில் எடுக்கப்பட்டவை.’

அவள் அந்தச் சிறிய எழுத்தையும் படித்தாள்.

ஜனவரி 6, செவ்வாய்

மழை. பானு வரவில்லை. கரண்டும் வரவில்லை. இரண்டும் இல்லாததால் நிலையம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

படகுக்காரன் தேசிங்கு வந்தான். நிலையத்துக்குப் பத்து வருடமாகப் படகு ஓட்டுகிறான். ஐம்பது வயது, கழுத்தில் துண்டு, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. எனக்கு நண்டு கொண்டுவந்திருந்தான், வாழையிலையில் கட்டி. குப்பையில் போடச் சொல்லலாம் என்று வாங்கி வைத்தேன்.

பானுவின் பழுப்புச் சேற்றைப் பற்றி அவனிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அது நடக்கற சேறு சார். வாடக் காத்துல எழுந்து நடக்கும்.”

“சேறு நடக்குமா?”

“மேல சேறு நடக்கும் சார். கீழ சேறு குந்திக்கிட்டே கெடக்கும். அதான் நாறுது.”

மேல் அடுக்கு அசையும், கீழ் அடுக்கு அசையாது. பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். இருந்தாலும் என் படம் சொல்வதும் அதுவேதான் என்பதால் பானுவைக் கூப்பிட்டு, “பாரு, படகு ஓட்டறவனுக்கே தெரிஞ்சிருக்கு” என்றேன். அவள் தேசிங்குவைப் பார்த்தாள். தேசிங்கு சட்டத்துக்குள் இருந்த படத்தைப் பார்த்து, “சரியா போட்டிருக்கீங்க சார்” என்றான். என் ஆராய்ச்சிக்கு இவன் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

போகும்போது, “இந்தப் படத்துக்குச் சேறு எடுத்த அன்னிக்கி சார் கரையில நாற்காலி போட்டுக் குந்தியிருந்தாரு. நாந்தான் போய் அள்ளிட்டு வந்தேன்” என்று பானுவிடம் பெருமையாகச் சொன்னான். இவனுக்கு ஞாபகசக்தி அதிகம், அறிவு குறைவு. அன்று எனக்கு ரத்த அழுத்தம்.

ஜனவரி 10, சனி

நண்டில் மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மாடிவீட்டுக்காரர் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். சர்க்கரைப் பாகுக்குள் எங்கோ அரிசி இருந்தது. தின்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பானு இப்போது மாவு கரைக்கிறாள். ஆய்வகத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளி, இரண்டிலும் ஒரே சேறு, மேலே கடல்நீர். ஒரு வாளியைத் தினமும் காலையில் மரத்துடுப்பால் அடிவரை கலக்குகிறாள். இன்னொன்றைத் தொடுவதில்லை. நான்கு வருட ஆராய்ச்சி துடுப்பில் வந்து நிற்கிறது.

“எதுக்கும்மா இது?”

“கொடி இருக்கற எடத்துல அலை அடியைத் தொடுது சார். காத்து காலத்துல சேறு எழும்பித் தண்ணில கலக்குது, ஆக்சிஜன் படுது, மறுபடி படியுது. படிஞ்சது கறுக்கறதுக்குள்ள அடுத்த அலை எழுப்பிடுது. அதுல இருக்கற இரும்பு திரும்பத் திரும்பத் துருப்பிடிக்குது. துரு இருக்கற வரைக்கும் நுண்ணுயிருக்கு அதுவே போதும், கந்தகத்துக்குப் போக வேண்டிய அவசியமே வரல. ஆழம் இல்ல சார் கணக்கு. அசைவுதான் கணக்கு.”

மூச்சு விடாமல் சொன்னாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பாள். நான் வேதியியல் என்று சொல்வதை இவள் தேகப்பயிற்சி என்கிறாள். அசையாத சேறு நாறுகிறதாம், அசைகிற சேறு சுத்தமாக இருக்கிறதாம். இதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

ஆய்வகத்தில் துடுப்புச் சத்தம். தலைவலி.

பிப்ரவரி 3, செவ்வாய்

மதியம் பானு சாப்பிடப் போயிருந்தபோது மின்விசிறியை அணைக்க ஆய்வகத்துக்குப் போனேன். பொறுப்பில்லாமல் ஓடவிட்டுப் போகிறார்கள்.

போன இடத்தில் வாளி மூடி கண்ணில் பட்டது. தொடாத வாளியைத் திறந்தேன். குப்பென்று அழுகிய முட்டை. குச்சியால் கீறினால் உள்ளே அட்டைக் கறுப்பு. கலக்கும் வாளியைத் திறந்தேன். அடிவரை பழுப்பு, நாற்றம் இல்லை. இரண்டாவது முறையும் குச்சி விட்டுப் பார்த்தேன்.

இது எதையும் நிரூபிக்காது. பிளாஸ்டிக் வாளி கடல் ஆகிவிடாது.

மின்விசிறியை அணைக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அறிக்கை எழுதி முடித்தேன். 27ஆம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது. வழிகாட்டியின் அறிக்கையை வைத்துத்தான் பானுவின் பதிவை நீட்டிப்பதா ரத்து செய்வதா என்று முடிவெடுப்பார்கள். ‘மாதிரி எடுக்கும் அடிப்படைத் திறமை இல்லை. அடிப்படைப் பாடநூல் அறிவோடு முரண்படும் முடிவுகளை, அடிப்படை ஆதாரமின்றி வற்புறுத்துகிறார். பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறேன்.’ ‘அடிப்படை’ மூன்று முறை வருகிறது. ஒன்றை எடுக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

முப்பது வயதுக்கு மேல் இங்கே புதிதாகப் பதிவு செய்ய முடியாது. அடுத்த பதிவு ஜூலையில், அவளுக்கு ஜூன் மாதம் முப்பது முடிகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவளது பழுப்புச் சேறு சரியென்றால் என் படம் தவறு. என் படம் தவறாக இருக்க முடியாது. பன்னிரண்டு பைகளையும் நானே சோதித்தேன், என் கையால், இரண்டு மாதம்.

பிப்ரவரி 12, வியாழன்

அறிக்கை பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தட்டச்சு செய்பவனின் வாய்க்குப் பூட்டுப் போட்டால் கூடுதல் சம்பளம் கேட்பான்.

கதவருகே நின்று கேட்டாள். “சார், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போட்ல வாங்க. உங்க கையால எடுங்க. உங்க படத்துல இருக்கற மாதிரி வந்துச்சுன்னா நானே விலகறேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்.”

முழங்கால் வலி என்றேன். வெயில் என்றேன். தேசிங்கு வெளியிலிருந்து, “சார் போட்ல ஏறி ஏழு வருஷம் ஆச்சு, கடைசியா ஏறின அன்னிக்கி...” என்று ஆரம்பித்தான். “வரேன்” என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். முகத்துவாரத்தைத் தாண்டியதும் காலையில் தின்ற இட்லி சரியில்லை என்று தெரிந்தது. இரண்டு முறை சரியில்லை. பானு தன் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறிக் கையில் கொடுத்தாள். “மோந்துக்கிட்டே இருங்க சார்.” எனக்காகவே எடுத்து வந்திருக்கிறாள். வாங்கிக்கொண்டேன், வேறு வழியில்லை.

மூன்றாம் கொடியருகே தேசிங்கு எஞ்சினைத் தணித்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அன்று கரையில் நாற்காலியிலிருந்து சொன்னதையே சொன்னேன்.

“அன்னிக்கி எடுத்த மாதிரியே எடு தேசிங்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.”

“சரிங்க சார்” என்றான். குழாயைத் தொடவில்லை. எஞ்சினை முடுக்கிப் படகைத் திருப்பிக் கரையைப் பார்த்து ஓட்டினான்.

“எங்கய்யா போற?”

“மேலதான் சார்.”

“குழாய எறக்குய்யா!”

“எறக்கறேன் சார். மேலண்ட போயிதான எறக்கணும்? நீங்கதான சொன்னீங்க, மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு. அன்னிக்கும் கொடிக்கு மேலண்ட அரை மைலு போயி ஒரு குழா, கீழண்ட அரை மைலு போயி ஒரு குழா. பக்கத்துல பக்கத்துல எடுத்தா ஒரே சேறுதான வரும்? சாரு ரெண்டு கேக்குறாரே, வேற வேறயா இருக்கட்டும்னு நாந்தான் தள்ளிப் போனேன்.” அதே சிரிப்பு. “பையில மே, கீ-ன்னு எழுதிக் கொடுத்தேனே சார்.”

எழுதியிருந்தான். நீல மையில். மே, கீ. ஆறு மே, ஆறு கீ.

மேற்கே ஒரு குழாய். முழங்கை நீளம், அடிவரை பழுப்பு. படகைத் திருப்பிக் கொடியைத் தாண்டி ஆழமான கிழக்கே போய் இன்னொரு குழாய். ஒரு விரற்கடைக்குக் கீழே கறுப்பு, நாற்றம் என் மூக்கிலிருந்த எலுமிச்சையையும் தாண்டியது. மேற்கே அலை தொட்டுப் புரட்டும் சேறு. கிழக்கே அலை எட்டாத, குந்தியிருக்கும் சேறு. பானு இரண்டு குழாய்களையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தாள். என் மூன்றாம் படம் படகின் பலகையில் படுத்துக் கிடந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கரை சேரும்வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 18, புதன்

அந்த ஆள் முட்டாள். குழாயின் மேல், குழாயின் கீழ் என்று யாருக்கும் புரியும். தமிழ் தெரியாதவனைப் படகுக்கு வைத்தால் இப்படித்தான்.

மத்தியானம் தபால்காரர் வந்தார். உறையில் என் முகவரி. கீழவீதி, சிதம்பரம். பத்தொன்பது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். இது எதற்கும் கீழே இல்லை. கோயிலுக்குக் கிழக்கே இருக்கிறது. ஆட்டோக்காரனிடம் தினமும் நானே சொல்கிறேன், மேலவீதி போய்க் கீழவீதி வா என்று. ஒரு நாளும் அவன் என்னைப் பள்ளத்தில் இறக்கிவிடவில்லை.

‘நேரடி மேற்பார்வை’ என்று போட்டது மட்டும் பொய்யில்லை. கரை கடலுக்கு மேற்கே இருக்கிறது. மேற்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பானு வந்தாள். திட்டுவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். நல்ல பதில்கள், இரண்டு அவளை அழ வைத்திருக்கும். ஒன்றுக்கும் உபயோகம் இல்லாமல் போய்விட்டது.

“சார், உங்க டேட்டா தப்பில்ல. லேபிள்தான் தப்பு. பன்னெண்டு பையும் நல்ல பை. மேற்கு, கிழக்குன்னு படிச்சா, அசையற சேறு ஒரு பக்கம், அசையாத சேறு ஒரு பக்கம்னு ஆறு எடத்துலயும் காட்டுது. நான் நாலு வருஷமாத் தேடினது உங்ககிட்ட ரெண்டு வருஷமா இருந்திருக்கு. நீங்க ஒரு திருத்தம் போட்டா என்னோட முதல் அத்தியாயமே அதுதான்.”

“போடலன்னா?”

“போடலன்னா... நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். சொன்னாலும் நம்ப மாட்டாங்க.”

இந்தப் பெருந்தன்மையை யார் கேட்டது? காறித் துப்பிவிட்டுப் போயிருந்தால் அறிக்கையை நிம்மதியாக அனுப்பியிருப்பேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று அவள் சொன்னது உண்மை. அறிக்கையை அனுப்பினால் எல்லாம் முடிந்தது. அவள் போய்விடுவாள். படகுக்காரனை யார் கேட்கப்போகிறார்கள்? மே மாதம் மாலை போட்டு, படத்தைப் பற்றி இயக்குநர் நாலு வார்த்தை பேசி, என்னை வழியனுப்பி வைப்பார்கள்.

திருத்தம் ஒன்று எழுதிப் பார்த்தேன். ‘படகோட்டியின் கவனக்குறைவால்...’ கிழித்தேன். ‘அச்சுப் பிழையால்...’ கிழித்தேன். முப்பத்தோரு வருடமாக மாணவர்கள் கொண்டுவரும் சாக்குகளை முகத்துக்கு நேரே கிழித்துப் போட்டவன் நான். அவர்களில் ஒருவன்கூட இவ்வளவு கேவலமாக எழுதியதில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

ஆய்வகத்துக்குப் போனேன். மின்விசிறிக்காக அல்ல. பானு பிரேதம் போல உட்கார்ந்திருந்தாள், இன்று வாளியைக் கலக்கவில்லை. துடுப்பை எடுத்து நானே கலக்கினேன். கனமாக இருந்தது. அவள் இதைத் தினமும் செய்திருக்கிறாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள். ஒருவர் செல்போனுக்குள் இருந்தார். இயக்குநர், “சார் அறிக்கை சுருக்கமாத்தான் இருக்கும், படிச்சிடுங்க” என்றார். பானு கடைசி நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் பையில் இரண்டு காகிதம் இருந்தது. முதலில் கையில் வந்தது அறிக்கை. அதை மறுபடி உள்ளே வைத்தேன். மற்றதைப் படித்தேன்.

‘மூன்றாம் படத்தில் மேல் என்பதை மேற்கு என்றும், கீழ் என்பதைக் கிழக்கு என்றும் வாசிக்கவும். மாதிரிகள் எடுக்கப்பட்டபோது நான் படகில் இல்லை. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. தவறு என்னுடையது. மெகராஜ் பானுவின் முடிவுகள் சரி. அவரது பதிவை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறேன்.’

செல்போன்காரர் நிமிர்ந்தார். பிஸ்கட்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். இயக்குநர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் எல்லோரையும் பார்ப்பது அப்படித்தான். எதிரே உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும்போது அது எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு வருடம் நீட்டித்துவிட்டார்கள். வெளியே பானு ஏதோ சொல்ல வந்தாள். “அழுதேன்னா திரும்பி உள்ள போயிடுவேன்” என்றேன். அழுதாள். நான் போகவில்லை.

மார்ச் 2, திங்கள்

நடைக்கூடத்தில் படத்தைக் கழற்றச் சொல்லி இயக்குநர் உத்தரவு. கழற்றவேண்டியதில்லை என்றேன். நாற்காலி போட்டு ஏறினேன், முழங்கால் ஒன்றும் வலிக்கவில்லை. சட்டத்தை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கை வசத்தில் மாட்டினேன். பழுப்பு இடது கைப்பக்கம், கறுப்பு வலது கைப்பக்கம். மேற்கும் கிழக்கும் வரைபடத்தில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. எழுத்துகள் மட்டும் படுத்திருக்கின்றன.

இறங்கும்போது தேசிங்கு வந்தான், கையில் வாழையிலைப் பொட்டலம். மிளகைக் குறைத்துப் போடச் சொல்லவேண்டும். படத்தைப் பார்த்தான். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான்.

“எதுக்கு சார் படத்தப் படுக்க வெச்சிட்டீங்க?” என்றான். “முன்னாடி சரியாத்தான இருந்துச்சு.”